ஏவுதற் கருத்தா: ஏஷியாட் தீர்ப்பும் மூன்றாம் வேற்றுமையும்

1

கத்தார் உலகக் கோப்பை குறித்துத் தமிழில் எழுதப்பட்டவற்றில் என் கண்ணில் பட்டவை பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று, பிணங்களை எண்ணிப் பதைபதைப்பவை. மற்றது, 'இதைப் பேச ஐரோப்பியனுக்கு என்ன யோக்கியதை' என்று கேட்பவை. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் இரண்டுமே ஒரு கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன: கட்டியது யார்? இது தத்துவக் கேள்வி அல்ல, பச்சையான இலக்கணக் கேள்வி. தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு சிவகாசியில் ஒரு டுட்டோரியலில் இலக்கணம் நடத்திப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு அந்த வழிதான் தெரியும். அதன் வழியாகவே உள்ளே போகிறேன்.

ஒருநாள் செயப்பாட்டுவினை நடத்திக்கொண்டிருந்தேன். 'விளையாட்டரங்கம் கட்டப்பட்டது' என்று பலகையில் எழுதி, எழுவாய் எது என்று கேட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், 'ஸ்டேடியந்தான் சார்' என்றான். சரியான விடை. செயப்பாட்டு வாக்கியத்தில் செயப்படுபொருள் வந்து எழுவாயின் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறது. 'அப்போ கட்டினவன் எங்கடா?' என்றேன். 'அவன் வரல சார். வரணும்னு அவசியம் இல்ல' என்றான். அதுவும் சரியான விடைதான். முழு மார்க் போட வேண்டியதுதான். ஆனால் அன்று வீடு திரும்புகிற வரை அந்த விடை என்னை விடவில்லை.

காரணம் என் நண்பன். 2022 டிசம்பர் 18 இரவு ஆனைக்குட்டத்தில் எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலில் டி.வி.யைத் தூக்கி வைத்து உலகக் கோப்பை இறுதி ஆட்டம் பார்த்தோம். அவன் பக்கத்தில் இருந்தான். என்னோடு பத்தாவது வரை படித்தவன். ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கொடுத்து கத்தார் போய், மூன்று வருஷம் சாரம் கட்டிவிட்டுத் திரும்பி, இப்போது பயர் ஆபீஸில் லோடு ஏற்றுகிறான். கோல் விழும்போதெல்லாம் பையன்கள் கத்தினார்கள். இவன் பந்தைப் பார்க்கவே இல்லை. கேமரா மேலே போகிறபோது மட்டும் நிமிர்ந்து கூரையைப் பார்த்தான். 'மாப்ள, இந்த மாதிரிக் கூரைதான். பகல்ல ஏறுனா பைப்பு கையோட ஒட்டும், அம்புட்டுச் சூடு' என்றான். கொஞ்ச நேரம் கழித்து, 'யாரு கட்டுனதுன்னு எங்கயாச்சும் போடுவாங்களா?' என்று கேட்டான். 'கத்தார் கட்டியது'ன்னு போடுவாங்க என்றேன். சிரித்தான்.

2

மூன்றாம் வேற்றுமைக்கு நன்னூல் மூன்று பொருள் சொல்கிறது: கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி. 'உளியால் செதுக்கப்பட்டது' என்பதில் உளி கருவி. 'தச்சனால் செதுக்கப்பட்டது' என்பதில் தச்சன் கருத்தா. 'தாயொடு குழந்தை வந்தது' உடனிகழ்ச்சி. கருத்தாவையும் இரண்டாகப் பிரிப்பார்கள். கையால் செய்கிறவன் இயற்றுதற் கருத்தா. செய்ய வைக்கிறவன் ஏவுதற் கருத்தா. 'கொத்தனால் கட்டப்பட்ட வீடு', 'அரசனால் கட்டப்பட்ட கோயில்' என்று பள்ளிக்கூடத்தில் படித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். மார்க்குக்காகப் படித்துவிட்டு மறந்துபோன இந்தப் பாகுபாடு, பொறுப்பு என்பதைப் பற்றி நம் மொழிக்குள் ஏற்கனவே இருக்கிற ஒரு கோட்பாடு என்று எனக்குப் படுகிறது. காட்சிச் சமூகம் பற்றி கீ தெபோரைத் துணைக்கு அழைத்து எழுத நண்பர்கள் இருக்கிறார்கள். நான் நன்னூலோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இங்கு கவனத்திற்குரியது, உளிக்கும் தச்சனுக்கும் ஒரே 'ஆல்' உருபுதான் என்பது. உருபைப் பார்த்து எது கருவி, எவன் கருத்தா என்று பிரித்துவிட முடியாது. உயிர் உண்டா இல்லையா என்பதைக் கொண்டு நாமாகப் பிரித்துக்கொள்கிறோம். அந்த நினைவு கொஞ்சம் தப்பினால் போதும், கருத்தா நழுவிக் கருவி ஆகிவிடுவான். 'பத்தாயிரம் தொழிலாளர்களால் கட்டப்பட்ட அரங்கு' என்ற வாக்கியத்தில் அந்தப் பத்தாயிரம் பேர் கருத்தாவா கருவியா? 'நூறு கிரேன்களால்' என்று மாற்றிப் போட்டாலும் வாக்கியம் இடறாது.

ஏவுதற் கருத்தாவோ எந்தக் காலத்திலும் நழுவுவதில்லை. கரிகாலன் கல்லணை கட்டினான், ஷாஜஹான் தாஜ்மகால் கட்டினான். பிறவினை விகுதியைக்கூடப் போடாமல், 'கட்டுவித்தான்' என்னாமல், நேராகவே 'கட்டினான்' என்கிறோம். இதில் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டு நம்மைவிட நேர்மையானது. தான் 'எடுப்பிச்ச' கற்றளி என்றுதான் ராஜராஜன் பேசுகிறான். எடுத்த அல்ல, எடுப்பித்த. குஞ்சரமல்லன் என்ற பெருந்தச்சன் பெயரும் அங்கே வெட்டப்பட்டிருக்கிறது. அதற்குக் கீழே கல் இழுத்தவர்களுக்குக் கல்லில் பெயர் இல்லை. சோழர் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்ற சொல் மட்டும் வருகிறது. கூலியில்லா உழைப்பைக் குறிக்கிற சொல். 'வெட்டி வேலை' என்று இன்றும் நாம் வாய்விட்டுச் சொல்வது அதைத்தான்.

என் வாதம் இவ்வளவே. பெருமை வரும்போது ஏவுதற் கருத்தா தானே இயற்றியதாக முன்னால் வந்து நிற்கிறான். பிணம் வரும்போது, ஏவியதுகூட நானில்லை என்று பின்னால் போய்விடுகிறான். சர்வதேச விளையாட்டு விழாக்களின் சொல்லாடல் முழுக்க இந்த முன்-பின் அசைவின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. (பாருங்கள், நானும் 'கட்டப்பட்டிருக்கிறது' என்றுதான் எழுதுகிறேன்.) இந்த அசைவை ஒரே ஒருமுறை பிடித்து நிறுத்திய பிரதி ஒன்று உண்டு. அது இலக்கியப் பிரதி அல்ல. ஒரு நீதிமன்றத் தீர்ப்பு.

3

1982 நவம்பர் 19 முதல் டிசம்பர் 4 வரை தில்லியில் ஒன்பதாவது ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. இந்தியத் தொலைக்காட்சி வண்ணத்துக்கு மாறியதும் அந்த வருஷம்தான். அப்பு என்கிற யானைக்குட்டி அதன் சின்னம். அதற்காக மேம்பாலங்கள், நேரு ஸ்டேடியம், விளையாட்டு கிராமம் என்று அவசர அவசரமாக வேலை நடந்தது. மூன்று சமூக விஞ்ஞானிகள் அந்த இடங்களுக்குப் போய்ப் பார்த்து ஓர் அறிக்கை தயாரித்தார்கள். அதன் அடிப்படையில் மக்கள் ஜனநாயக உரிமைகளுக்கான சங்கம் (பி.யு.டி.ஆர்.) நீதிபதி பி.என். பகவதிக்கு ஒரு கடிதம் எழுதியது. அந்தக் கடிதத்தையே ரிட் மனுவாக உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. தீர்ப்பு 1982 செப்டம்பர் 18இல் வந்தது, விழாவுக்கு இரண்டு மாதம் முன்னால்.

தீர்ப்பில் விரியும் கதையாடலை நம்ம ஊர்க்காரர்கள் யாரும் விளக்கம் இல்லாமலே வாசித்துவிடலாம். ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், ஒரிசா கிராமங்களிலிருந்து ஜமாதார்கள் ஆள் பிடித்து வருகிறார்கள். குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு. காண்ட்ராக்டர் அதை ஜமாதார் கையில் கொடுக்கிறார். ஜமாதார் தலைக்கு ஒரு ரூபாய் கமிஷன் எடுத்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசு கொடுக்கிறார். பெண்களுக்கு 7 ரூபாய். ஜமாதார் என்றால் நமக்குக் கங்காணி. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நம் ஜனங்களை அள்ளிக்கொண்டுபோனவனும், அங்கே பற்றுக் கணக்கு எழுதியவனும், துரைக்கும் கூலிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் முகத்தை மறைத்தவனும் அவன்தான். என் நண்பன் கத்தாரில் இருந்த நிறுவனத்தை 'சப்ளை கம்பெனி' என்பான். கங்காணிக்கு இந்த நூற்றாண்டில் லெட்டர்பேடு கிடைத்திருக்கிறது, வேறு வித்தியாசமில்லை.

மத்திய அரசும் தில்லி நிர்வாகமும் தில்லி வளர்ச்சி ஆணையமும் கோர்ட்டில் சொன்ன பதிலைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். இவர்கள் எங்கள் தொழிலாளர்கள் அல்ல, காண்ட்ராக்டரின் தொழிலாளர்கள். வழக்கு இருந்தால் அவர் மேல் போடுங்கள். அதாவது: ஏவியவன் நானில்லை. உலகம் பார்க்க 'இந்தியா நடத்தும் ஏஷியாட்' என்று முழங்கிக்கொண்டிருந்த அதே வாய்தான் கோர்ட்டில் இப்படிச் சொன்னது.

பகவதியும் பஹருல் இஸ்லாமும் இதை ஏற்கவில்லை. காண்ட்ராக்டர் மூலம் வேலையைக் கொடுத்துவிட்டதால் அரசின் கடமை காண்ட்ராக்டருக்குக் கைமாறிவிடாது, தொழிலாளர் சட்டங்கள் நடைமுறையாகின்றனவா என்று பார்க்கிற பொறுப்பு வேலையை நடத்துகிறவருடையது என்றார்கள். இலக்கணப்படி சொன்னால், தோன்றா எழுவாயாகப் பதுங்கியிருந்த ஏவுதற் கருத்தாவை வாக்கியத்துக்குள் இழுத்து வந்து உட்கார வைத்தார்கள்.

இரண்டாவது நகர்வு இன்னும் ஆழமானது. அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடைசெய்கிறது. கட்டாயம் என்றால் என்ன? சவுக்கும் சங்கிலியும் மட்டுமா? பசிக்கிறவன் குறைந்த கூலிக்குச் சம்மதிப்பதும் கட்டாயமே, பசியும் ஒரு பலாத்காரம்தான் என்பது தீர்ப்பின் நிலை. ஆகவே குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது 23ஆம் பிரிவின்படி கட்டாய உழைப்பு. 'அவங்களாத்தானே சம்மதிச்சு வந்தாங்க' என்கிற, இன்று வரை எல்லா ஏஜெண்டுகளும் சொல்கிற வாக்கியத்தின் அடியை இது அறுத்துவிடுகிறது. தாராளவாதத்தின் 'சுதந்திரமான ஒப்பந்தம்' என்னும் புனைவை நம் கோட்பாட்டாளர்கள் கட்டுடைக்கத் தொடங்குவதற்கு முன்பே, ஒரு கூலித் தகராறு அதைச் செய்து முடித்திருக்கிறது.

தீர்ப்பைக் கொண்டாடுவதோடு நிறுத்திவிட முடியாது. அதற்குள்ளேயே ஓர் ஓட்டை தெரிகிறது. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கான சட்டம் 1979இல் இயற்றப்பட்டது. தில்லியில் 1980 அக்டோபர் 2இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதற்கான விதிகள் 1982 ஜூன் 4இல்தான் வந்தன. நடுவில் இருபது மாதம் சட்டம் உண்டு, விதி இல்லை. மேம்பாலங்கள் எழுந்தது அந்த இருபது மாதத்தில்தான். நம் புழக்கத்தில் 'விதி'க்கு இன்னொரு பொருளும் இருப்பதால் இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. அதோடு, கடிதம் எழுதியது சங்கம், பேசியது வக்கீல், எழுதியது நீதிபதி. 7 ரூபாய் வாங்கிய அந்தப் பெண்ணின் குரல் தீர்ப்பில் எங்குமே நேராக வருவதில்லை. அவளைப் பற்றிப் பேசப்படுகிறது. மறுபடியும் செயப்பாட்டுவினை.

இருபத்தெட்டு வருஷம் கழித்து 2010இல் தில்லியில் காமன்வெல்த் போட்டி. மறுபடியும் பி.யு.டி.ஆர்., மறுபடியும் நீதிமன்றம். இந்த முறை தில்லி உயர் நீதிமன்றம், அருந்ததி கோஷ் தலைமையில் ஒரு குழு. குழு பார்த்துச் சொன்னவை ஏறக்குறைய 1982இல் சொல்லப்பட்டவைதான். குறைந்த கூலி, பாதுகாப்பில்லா வேலை, தங்குமிடம் என்ற பெயரில் தகரம். அந்த செப்டம்பர் 21இல், ஏஷியாடுக்குக் கட்டிய அதே நேரு ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த நடைபாலம் சரிந்து இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் காயப்பட்டார்கள். முன்னுதாரணம் என்பதற்குச் சட்டக் கல்லூரியில் ஒரு பொருள் இருக்கலாம். சித்தாளுக்கு அதன் பொருள், இதே மாதிரி முன்பும் நடந்தது என்பதுதான்.

4

தில்லியிலிருந்து ஊருக்கு வருகிறேன். வர வேண்டிய காரணம் தீர்ப்பிலேயே இருக்கிறது.

ஏஷியாட் வேலையில் சிறுவர்கள் இருந்ததாகவும் மனுவில் குற்றச்சாட்டு. 1938ஆம் வருஷத்துக் குழந்தைகள் வேலைச் சட்டத்தின் அட்டவணையில் கட்டுமானம் இல்லை, ஆகவே சட்டம் பொருந்தாது என்று அரசுத் தரப்பு சொன்னது. அட்டவணையில் இல்லாவிட்டால் என்ன, கட்டுமானம் அபாயகரமான வேலை, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையை அதில் வைக்கக்கூடாது என்று அரசியலமைப்பின் 24ஆம் பிரிவு இருக்கிறதே என்றது நீதிமன்றம். சரி. அந்த 1938 அட்டவணையில் இருந்த தொழில்கள் எவை? தீப்பெட்டியும் பட்டாசும் அதில் உண்டு.

அதே 1982இல் என் அத்தைக்குப் பத்து வயது. தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். விடிவதற்கு முன்னால் வண்டி வரும், தூக்கத்திலேயே ஏற்றிவிடுவார்கள். அவளுடைய டிரங்குப் பெட்டியில் அப்பு படம் போட்ட ஒரு தீப்பெட்டி லேபிள் இன்னும் இருக்கிறது. 'டில்லில ஆனைக்குட்டி வெளாட்டு நடக்குதாம்னு போர்மேன் சொன்னாரு. நம்ம ஊரு ஆனைக்குட்டமாச்சே, நம்மளுக்குத்தான் ஏதோ பண்றாகன்னு நெனச்சேன்யா' என்பாள். தில்லியில் தொழில் அட்டவணையில் இல்லை, அதனால் பிள்ளைகள் வேலை செய்தார்கள். சிவகாசியில் தொழில் அட்டவணையில் இருந்தது, அப்போதும் பிள்ளைகள் வேலை செய்தார்கள். பட்டியலில் பெயர் இருப்பதும் இல்லாததும் ஒரே விளைவைத் தருமென்றால் பிரச்சினை பட்டியலில் இல்லை.

'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற சலம் பென்னூர்கரின் ஆவணப்படம் வந்தது 1990இல். எம்.சி. மேத்தா வழக்கில், சிவகாசிக் குழந்தைகள் குறித்து உச்ச நீதிமன்றம் அதே 24ஆம் பிரிவைக் கையிலெடுத்துப் பெரிய தீர்ப்பைச் சொன்னது 1996 டிசம்பர் 10இல். ஒரு குழந்தையை வைத்திருந்தால் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை, அது முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய். இங்கேயும் ஏவியவனைத்தான் நீதிமன்றம் பிடித்தது. பிள்ளைகளை அடைத்து வரும் வண்டிகளை இப்போது எங்கள் பக்கம் பார்க்க முடிவதில்லை. தீர்ப்பு, பள்ளிக்கூடம், சத்துணவு, இயந்திரம் எல்லாம் சேர்ந்து நடத்திய மாற்றம் அது. மாற்றமே இல்லை என்று சொல்கிறவன் அத்தையிடம் வந்து பேசட்டும்.

ஆனால் வெடிவிபத்துச் செய்திகளின் மொழி மாறவில்லை. 'மருந்துக் கலவையின்போது ஏற்பட்ட உராய்வு காரணமாக வெடிவிபத்து நிகழ்ந்தது.' எத்தனை முறை இந்த வாக்கியத்தை வாசித்திருப்போம். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியில் நாற்பது பேரளவில் செத்தார்கள். காப்பாற்ற ஓடிய அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் அதில் அடக்கம். 2021 பிப்ரவரி 12 அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேல். இரண்டுக்கும் நடுவிலும் அதற்குப் பிறகும் எத்தனையோ. செய்தியின் எழுவாய் எப்போதும் உராய்வுதான். லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும். அதிலும் நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ் என்று வகை உண்டு. அறைகள் உள்குத்தகையில் வேறு நாலு பேர் கையில் இருக்கும். மருந்தை அளந்தவன் இன்னொருவன். செய்தியின் கடைசி வரி: 'போர்மேன் கைது.' போர்மேன் என்பவர் எங்கள் ஊரின் ஜமாதார். ஏவுதற் கருத்தாவின் நிழலைப் பிடித்து லாக்கப்பில் வைத்துவிட்டு, ஆளை விட்டுவிடுவது.

5

உராய்வு என்ற சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி கத்தாருக்குப் போகலாம். அங்கே அந்த இடத்தில் இருப்பது இருதயம்.

2010 டிசம்பர் 2இல் கத்தாருக்கு உலகக் கோப்பை கொடுக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் 'கார்டியன்' பத்திரிகை ஒரு கணக்கு வெளியிட்டது. இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், வங்கதேசம், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளைச் சேர்ந்த 6,500க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அந்தப் பத்து வருஷத்தில் கத்தாரில் இறந்திருக்கிறார்கள். இவர்கள் எல்லோரும் ஸ்டேடியம் கட்டியவர்கள் அல்லர், எல்லா வேலையும் இதில் சேரும். 'ஸ்டேடியத்துக்குப் பலியான 6,500 பேர்' என்று தமிழில் எழுதிய நண்பர்கள் இதைக் கவனிக்கவில்லை. இன்னொரு பக்கம், ஸ்டேடியம் வேலைகளில் 40 மரணம், அதில் 3 மட்டுமே வேலை தொடர்பானது, மற்ற 37 வேலையோடு தொடர்பற்றவை என்றது போட்டியை நடத்திய கத்தார் குழு. அந்தக் குழுவின் தலைமைச் செயலாளரே 2022 நவம்பரில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், போட்டி சார்ந்த வேலைகளில் 400க்கும் 500க்கும் இடையில் இருக்கலாம் என்று சொன்னார்.

3, 40, 400, 6,500. இவற்றில் எது உண்மை என்று சண்டை போட்டுக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. ஒவ்வொரு எண்ணும் 'யாருடைய வேலை' என்ற கோட்டை வேறுவேறு இடத்தில் போடுகிறது. அரங்குக்குள் விழுந்து செத்தால்தான் கணக்கு என்றால் 3. அரங்குக்குப் போகிற சாலை, மெட்ரோ, விடுதி எல்லாம் போட்டிக்காகத்தானே என்றால் எண் ஏறும். கோட்டைப் போடுகிறவன் எவனோ அவனே கணக்குப்பிள்ளை.

அந்த 37க்கு வருவோம். பகலெல்லாம் வெயிலில் வேலை செய்துவிட்டு ராத்திரி கேம்பில் படுத்தவன் காலையில் எழுந்திருக்கவில்லை. சான்றிதழில் 'இருதயம் நின்றது', 'இயற்கை மரணம்'. எல்லா மரணத்திலும் இருதயம் நிற்கத்தான் செய்யும். அது காரணம் அல்ல, மரணத்துக்கு இன்னொரு பெயர். திடீர் மரணங்களில் பிரேதப் பரிசோதனைக்குச் சட்டம் இடம் தர வேண்டும் என்று கத்தார் அரசே நியமித்த சட்ட நிறுவனம் 2014இல் பரிந்துரைத்தது. அதற்குப் பிறகும் பெரும்பாலான உடல்கள் காரணம் தேடப்படாமலே பெட்டியில் வந்தன. வேலையும் நடந்தது, மரணமும் நடந்தது, இரண்டுக்கும் சம்பந்தமில்லை, கூடவே நடந்தன, அவ்வளவுதான் என்கிறார்கள். மூன்றாம் வேற்றுமையின் மூன்றாவது பொருள் இது: உடனிகழ்ச்சி. உயிரோடு இருந்தவரை தொழிலாளி கருவி. செத்தபின் அவன் சாவு உடனிகழ்ச்சி. கருத்தா என்ற நடு இடத்துக்கு அவன் வரவும் இல்லை, ஏவியவன் அதிலிருந்து பிடிபடவும் இல்லை.

போட்டி தொடங்குவதற்கு முதல் நாள், 2022 நவம்பர் 19இல், ஃபிஃபா தலைவர் இன்ஃபான்டினோ தோகாவில் பேசினார். இன்று தன்னைப் புலம்பெயர் தொழிலாளியாக உணர்வதாகச் சொன்னார். நம் பத்திரிகைகள் இதைக் கேலி செய்துவிட்டுப் போய்விட்டன. கேலிக்குரியதல்ல, வாசிக்க வேண்டிய பிரதி அது. ஏவுதற் கருத்தா இயற்றுதற் கருத்தாவின் உடலுக்குள் கூடுவிட்டுக் கூடு பாய்கிற தருணம். 'கரிகாலன் கட்டினான்' என்பதன் கடைசி எல்லை இது. கட்டிய பெருமை மட்டுமல்ல, கட்டியவனின் துயரமும் எனதே. உணர்ச்சியை எடுத்துக்கொண்டார். கூலிப் பாக்கியை எடுத்துக்கொள்ளவில்லை. பரிசுப் பணமான 44 கோடி டாலருக்குச் சமமான தொகையைத் தொழிலாளர்களின் இழப்பீட்டுக்கு ஒதுக்கச் சொல்லி ஆம்னெஸ்டி கேட்டது அதே வருஷம் மே மாதத்தில். 2024 நவம்பரில் ஃபிஃபா அறிவித்தது 5 கோடி டாலர் நிதி. அதுவும் உலக சுகாதார நிறுவனம் போன்ற சர்வதேச அமைப்புகளின் திட்டங்களுக்கு. தொழிலாளர் இழப்பீட்டுக்கு அதைப் பயன்படுத்தலாம் என்று ஃபிஃபாவின் சொந்தத் துணைக்குழு பரிந்துரைத்தும் இதுதான் முடிவு. அடுத்த மாதம் 11ஆம் தேதி, 2034 உலகக் கோப்பை சவூதி அரேபியாவுக்கு என்று கைதட்டி முடிவு செய்தார்கள்.

கத்தாரில் ஒன்றுமே நடக்கவில்லை என்றும் சொல்லக்கூடாது. வேலை மாற முதலாளியின் அனுமதி வேண்டும் என்ற விதி 2020இல் எடுக்கப்பட்டது. 2021 மார்ச்சில் எல்லோருக்கும் 1,000 ரியால் குறைந்தபட்சச் சம்பளம் வந்தது. உலகம் பார்த்துக்கொண்டிருந்ததால் வந்தவை. என் நண்பன் அதற்கு முன்பே திரும்பிவிட்டான். மூன்று வருஷமும் அவனுடைய பாஸ்போர்ட் கம்பெனியின் பெட்டியில் இருந்தது, கடைசி இரண்டு மாதச் சம்பளம் வரவே இல்லை. யாரைக் கேட்பது? ஊர் ஏஜெண்ட் சென்னை ஏஜென்சியைக் காட்டினான். ஏஜென்சி சப்ளை கம்பெனியைக் காட்டியது. சப்ளை கம்பெனி சப்-காண்ட்ராக்டரைக் காட்டியது. அதற்கு மேலே கூரை, கூரைக்கு மேலே வானம்.

6

2025 நவம்பர் 21இல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தன. பழைய 29 சட்டங்கள் அவற்றுக்குள் கரைந்தன. ஏஷியாட் தீர்ப்பு எடுத்துப் பேசிய 1979ஆம் வருஷத்து வெளிமாநிலத் தொழிலாளர் சட்டமும் அதில் ஒன்று. ஐந்து நாள் கழித்து நவம்பர் 26இல், அரசியலமைப்பு நாள் அன்று, 2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்கு என்று கிளாஸ்கோவில் முடிவானது. 2036 ஒலிம்பிக்குக்கும் இந்தியா வலைவீசிக்கொண்டிருக்கிறது. இரண்டு தேதிகளுக்கும் நடுவில் சதி எதையும் நான் தேடவில்லை. அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்கிறேன், அவ்வளவே.

புதிய தொகுப்பில் நல்லதும் உண்டு. காண்ட்ராக்டர் பிடித்து வராமல் தானாக ரயிலேறி வந்தவனும் வெளிமாநிலத் தொழிலாளிதான் என்று வரையறை விரிந்திருக்கிறது. ஆனால் ஐந்து பேர் இருந்தால் பழைய சட்டம் பொருந்தும், இப்போது பத்துப் பேர் வேண்டும். ஊரைவிட்டு வருவதற்காகக் கொடுக்க வேண்டியிருந்த இடப்பெயர்வுப் படி போய்விட்டது. ஒன்பது பேர் ஒன்பது பேராகப் பிரித்து உள்காண்ட்ராக்ட் விடுவது எப்படி என்று எங்கள் ஊரில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 23ஆம் பிரிவும் 24ஆம் பிரிவும் மட்டும் அப்படியே இருக்கின்றன. அவற்றின் மேல் 1982இல் எழுதப்பட்ட வாசிப்பும் இருக்கிறது. அகமதாபாத்தில் முதல் கடப்பாரை விழும்போதே அதைக் கையில் எடுக்க வேண்டும். விழாவுக்கு இரண்டு மாதம் முன்னால் எடுத்தால் தீர்ப்பு கிடைக்கும், கூலி கிடைக்காது.

இவ்வளவும் எழுதிவிட்டு, நான் எங்கே நிற்கிறேன் என்று சொல்லாமல் முடிப்பது அயோக்கியத்தனம்.

இப்போது எங்கள் பக்கம் பட்டாசிலும் அச்சகத்திலும் கட்டட வேலையிலும் பீகார், ஒரிசா, உத்தரப் பிரதேசப் பையன்கள் இருக்கிறார்கள். 1982இல் தில்லிக்குப் போனார்களே, அதே ஊர்களின் அடுத்த தலைமுறை. நாங்கள் கத்தாருக்கு ஆள் அனுப்புகிறோம், அவர்கள் எங்களுக்கு அனுப்புகிறார்கள். அவர்களை எங்கள் ஜனம் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது என்பதை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. இரண்டு வருஷம் முன்பு பக்கத்து ஊர் ஒன்றில், ஊர் பெயர் வேண்டாம், கோயில் மண்டபம் கட்டினார்கள். எனக்கும் அங்கே சொந்தபந்தம் உண்டு, 500 ரூபாய் வரி கொடுத்தேன். கான்கிரீட் போடும்போது சாரம் சரிந்து வடக்கத்திப் பையன் ஒருவன் விழுந்து கால் முறிந்தது. கமிட்டிக் கூட்டத்தில் பேச்சு வந்தபோது, 'அதெல்லாம் மேஸ்திரி பாத்துக்கிடுவாரு, நம்மளுக்கு எதுக்கு' என்றார் ஒரு பெரியவர். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். ஏஷியாட் தீர்ப்பை அதற்கு முன்பே வாசித்தவன். வாயைத் திறக்கவில்லை. அந்தப் பையன் எப்போது ஊருக்குப் போனான் என்றுகூட எனக்குத் தெரியாது.

மண்டப வாசலில் இப்போது கறுப்புக் கல்லில் பெயர்கள் வெட்டியிருக்கிறார்கள். 'திருப்பணி செய்தவர்கள்' என்று தலைப்பு. நாற்பத்து மூன்றாவது வரியில் என் பெயர், இனிஷியலோடு, எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கிறது.